டிவில விக்க கத்துக்கறதுக்கு அஞ்சாயிரம் டாலர் கட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் சார். நான் அமெரிக்கால நியூஜெர்சி எடிசன்ல இருக்கேன். என் மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை சரியா வரல, ஆனா சமைக்காம இருக்கவே மாட்டாங்க, ஒத்தக் கையால மாவு கலக்குறப்ப பாத்திரம் மேடை மேல சுத்திக்கிட்டே போகும். அதைப் பார்த்துட்டு அடியில சக்‌ஷன் வச்சு, ஒரு லீவரை அமுக்குனா மேடையோட கப்புனு ஒட்டிக்கிற மாதிரி ஒரு கிண்ணம் டிசைன் பண்ணேன், நல்லாவே வந்திருக்கு. இங்க ஒரு ஓட்டல்ல ஃப்ரீ செமினார் நடந்துச்சு, கண்டுபிடிச்ச பொருளை கியூவிசி, எச்எஸ்என் மாதிரி டிவி ஷாப்பிங் சேனல்ல விக்கிறது எப்படின்னு. அதோட முடிவுல மூணு நாள் கோர்ஸ் ஒண்ணு இருக்கு, 4,995 டாலர், சேர்ந்தா சேனல் ஆளுங்களுக்கு நேர்ல அறிமுகப்படுத்துவோம்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் வேணாம்ங்கறாரு. எனக்கு ஆசையா இருக்கு. கட்டலாமா?

பதில்: இப்ப கட்டாதீங்க. உங்க வீட்டுக்காரர் சொல்றது சரி, ஆனா அவர் என்ன காரணத்துக்காக சொல்றார்னு தெரியல, நான் என் காரணத்தை சொல்றேன்.

முதல்ல அந்த "அறிமுகம்" விஷயம். கியூவிசிக்கு பொருளை காட்டணும்னா யாரும் உங்களை கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல, அவங்க வெப்சைட்லயே சப்ளையர் ஆகணும்னு விண்ணப்பிக்கற இடம் இருக்கு, அதுக்கு காசு கிடையாது. புதுப் பொருள் தேடறதுக்குன்னே கியூவிசியும் எச்எஸ்என்னும் சேர்ந்து 2019ல ஒரு தேடல் ஆரம்பிச்சாங்க, புதுசா ஏதாவது கிடைக்காதான்னு அவங்களே அலையற ஆளுங்கதான். பையர்னு சொல்ற அந்த வாங்கும் அதிகாரிக்கு வேலையே அதுதான். நடுவுல ஏஜென்ட் மாதிரி ரெப் ஆளுங்க இருக்காங்க, அவங்க உபயோகமான ஆளுங்கதான், ஆனா ஒழுங்கான ரெப் வித்த காசுலதான் கமிஷன் எடுப்பாரு. விக்கிறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட காசு வாங்குறவர் உங்க கிண்ணத்தை நம்பி இல்ல, உங்களை நம்பி தொழில் பண்றார்.

செமினார்ல ஜாய் மங்கானோ கதையை சொல்லியிருப்பாங்களே? சொல்லாம இருக்க மாட்டாங்க. லாங் ஐலண்ட்ல மூணு குழந்தைகளை வச்சுக்கிட்டு தனியா இருந்த அம்மா, 1990ல கை நனையாம தானே பிழிஞ்சுக்கிற மாப் பண்ணாங்க, 1992ல கியூவிசியில அரை மணி நேரத்துக்குள்ள 18,000 மாப் போச்சு. உண்மையான கதைதான். ஆனா இதுல செமினார்காரங்க சத்தமா சொல்லாத பாதி ஒண்ணு இருக்கு. டிவிக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க கண்காட்சியிலயும் உள்ளூர் கடைங்கள்லயும் கையாலயே வித்துட்டு இருந்தாங்க. சேனல் முதல்ல அந்த மாப்பை எடுத்து அவங்க ஆளை வச்சு காட்டினப்ப சரியா போகல, அப்புறம்தான் இந்தம்மா நானே வந்து காட்டறேன்னு அடம் பிடிச்சு கேமரா முன்னாடி நின்னாங்க. அதாவது அவங்களுக்கு பயிற்சி இல்லாம இல்ல, காசு கட்டாத பயிற்சி, இன்னும் சரியா சொன்னா அவங்களுக்கே காசு சம்பாதிச்சுக் கொடுத்த பயிற்சி.

ரான் போப்பைலும் அதே ஜாதி. அமெரிக்க டிவில நடுராத்திரி காய் நறுக்குற மிஷின் வித்தே பெரிய ஆளானவர், 2021ல இறந்தாரு. அவர் வாய் வளர்ந்தது சிகாகோ மேக்ஸ்வெல் ஸ்ட்ரீட் சந்தையில, அப்புறம் உல்வொர்த் கடைக்குள்ள ஒரு மேசை போட்டு. எதிர்ல நிக்கிறவன் எந்த வார்த்தைல கிளம்பிப் போறான், எந்த வார்த்தைல பர்ஸ எடுக்கறான்னு நாள் முழுக்க பார்த்துப் பார்த்து கத்துக்கிட்டது. அட, இந்த டிவி ஷாப்பிங்கே எப்படி பொறந்துச்சு, 1977ல ஃப்ளோரிடால ஒரு சின்ன ரேடியோ ஸ்டேஷனுக்கு விளம்பரம் கொடுத்தவர் காசு தர முடியாம 112 எலக்ட்ரிக் கேன் ஓப்பனரை கொடுத்துட்டாரு, அதை ரேடியோல அறிவிப்பாளரே கூவி வித்துட்டாரு, அதுல இருந்து வந்ததுதான் எச்எஸ்என். எவரும் கோர்ஸ் போகல.

இதை வச்சு பயிற்சியே வேஸ்ட்னு நான் சொல்லல. டிவில விக்கிறது தனி வித்தை, கடையில பேசற மாதிரி பேசினா ஆறேழு நிமிஷத்துல உங்க கதை முடிஞ்சுடும். அவங்க கணக்கே வேற, ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு டாலர் வந்துச்சுன்னு பார்ப்பாங்க, பக்கத்துல நகை காட்டினா அந்த நிமிஷத்துல அதைவிட அதிகமா வரும்னா அப்ப உங்க கிண்ணத்துக்கு அங்க வேலை இல்ல. ஆனா அந்த வித்தையை எப்ப கத்துக்கணும்ங்கறதுதான் கேள்வி. கையில ஆர்டர் வந்த பிறகு. ஏன்னா பொருள் தேர்வாகி நீங்களே திரையில வரணும்னு முடிவானா சேனலே கெஸ்ட்டுகளுக்கு பயிற்சி கொடுக்கும், கேமரா எங்க பார்க்கணும், எதை வாக்கு கொடுக்கக்கூடாதுன்னு எல்லாம், அதுவும் அவங்க விதிமுறைப்படி. ஓட்டல்ல செமினார் நடத்தினவர் சொல்லித்தர்றது பொதுப்படை.

இப்ப கணக்குக்கு வருவோம், கோர்ஸ்ல மூணாவது நாள் கடைசி அரை மணி நேரத்துல சொல்ற விஷயம் இதுதான், இல்ல சொல்லாமலே விட்டுடுவாங்க. கிண்ணத்துக்கு என்ன செலவாகும்னு நீங்க எழுதல, ஒரு பேச்சுக்கு 6.50 டாலர்னு வச்சுக்கறேன், பேக்கிங்கோட. திரையில 24.99க்கு போடலாம். சேனல் உங்ககிட்ட சுமாரா பாதி விலைக்குத்தான் எடுக்கும், 12 டாலர்னு வைங்க. மிச்சம் 5.50. அதுலதான் அவங்க கிடங்கு வரை அனுப்பற லாரி வாடகை, பொருளால யாருக்காவது அடிபட்டா அதுக்கான இன்சூரன்ஸ், தரச் சோதனை, நீங்க போயி வர்ற செலவு எல்லாம். அதையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு விட்டாலும் 4,995 டாலரை எடுக்க 900 கிண்ணத்துக்கு மேல விக்கணும், கோர்ஸ் ஃபீஸுக்கு மட்டும். நேரா டிவியில விளம்பரப் படம் போட்டு விக்கறவங்க (பின்ராத்திரி அரை மணி நேரம் ஓடுமே அது) தயாரிப்புச் செலவை போல அஞ்சு மடங்கு விலை வைக்க முடியலன்னா கிட்டயே வர மாட்டாங்க, அது அந்தத் தொழில்ல பழைய விதி. உங்க கிண்ணம் நாலு மடங்குக்கு கீழ நிக்குது, அதை முதல்ல யோசிங்க.

இன்னொரு பொறி இருக்கு, இதுலதான் நிறைய பேர் மாட்டறாங்க. புது சப்ளையர்கிட்ட பல சமயம் "வித்தா காசு, மிஞ்சினா திருப்பி எடுத்துக்கோ"ன்னுதான் ஒப்பந்தம் போடுவாங்க. 3,000 கிண்ணம் கேட்டாங்கன்னா 19,500 டாலரை நீங்க முன்னாடி போட்டு செய்யணும். 1,000 வித்துச்சுன்னா உங்களுக்கு வர்றது 12,000. மிச்சம் 2,000 கிண்ணம் உங்க கராஜ்ல வந்து இறங்கும், திரும்பி வர்ற லாரி வாடகையும் உங்க தலைலதான். வாங்கினவங்க திருப்பி அனுப்பறது வேற, டிவி பார்த்து ராத்திரி ஆர்டர் பண்ணிட்டு பெட்டி வந்ததும் வேணாம்ங்கறவங்க இந்தத் தொழில்ல கணிசம். அதனால அந்த 5,000 டாலர் உங்ககிட்ட நிஜமாவே இருந்தா அதை இதுக்கு வைங்க, கிண்ணம் வார்க்கற அச்சுக்கும் முதல் நூறு கிண்ணத்துக்கும்.

இன்னொண்ணு, கட்டறதா இருந்தாலும் கட்டாட்டியும் அவங்ககிட்ட எழுத்துல சில விஷயம் கேளுங்க. கண்டுபிடிப்பாளர்களை ஏமாத்தறது அதிகமாப் போச்சுன்னு அமெரிக்கால 1999ல ஒரு சட்டமே போட்டாங்க, கண்டுபிடிப்பை சந்தைப்படுத்தித் தர்றோம்னு காசு வாங்கற கம்பெனி, ஒப்பந்தத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும், கடந்த அஞ்சு வருஷத்துல எத்தனை கண்டுபிடிப்பை பார்த்தோம், எத்தனைக்கு நல்லாருக்குன்னு சொன்னோம், எங்களால நிகர லாபம் பார்த்த வாடிக்கையாளர் எத்தனை பேர், லைசென்ஸ் ஒப்பந்தம் கிடைச்சவங்க எத்தனை பேர்னு. இவங்க "நாங்க பயிற்சி மட்டும்தான், எங்களுக்கு அது பொருந்தாது"ன்னு சொல்லலாம், சொல்லட்டும், அறிமுகம் பண்ணி வைப்போம்னு சொன்னது யாரு? லாபம் பார்த்தவங்க எத்தனை பேர்ங்கற ஒரே கேள்விக்கு வர்ற பதில்லயே உங்களுக்கு புரிஞ்சுடும். மயாமில வேர்ல்ட் பேட்டன்ட் மார்க்கெட்டிங்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, பெரிய பேர் எல்லாம் ஆலோசகர்னு போட்டுக்கிட்டு, மத்திய வர்த்தக ஆணையம் (எஃப்டிசி) 2017ல கேஸ் போட்டு 2018ல மூடியே விட்டாங்க, கிட்டத்தட்ட 2 கோடியே 60 லட்சம் டாலருக்கு உத்தரவு. மக்கள் ஆயிரக்கணக்குல கட்டினாங்க, எதுவும் வரல.

சரி அப்ப என்னதான் பண்றதுன்னா, எடிசன்ல வார இறுதி சந்தை, கோயில் ஹால், சர்ச் பஜார், முதியோருக்கான நிகழ்ச்சி எதுலயாவது ஒரு மேசை வாங்குங்க. நம்ம ஆளுங்ககிட்ட மட்டும் விக்காதீங்க, தெரிஞ்சவங்க உங்க முகத்துக்காக வாங்குவாங்க, அதுல எதுவும் தெரியாது. முதல்ல சாதாரண கிண்ணத்துல ஒத்தக் கையால மாவு கலக்கிக் காட்டுங்க, அது சுத்தட்டும், ஓரத்துல வழியட்டும், பேசாதீங்க. அப்புறம் உங்க கிண்ணத்தை வச்சு லீவரை அமுக்குங்க, எதிர்ல நிக்கிறவரையே விட்டு இழுக்கச் சொல்லுங்க. கிண்ணம் வராது, மேசையே லேசா தூக்கும், அந்த இடத்துல ஜனம் சிரிக்கும் பாருங்க, அதுதான் உங்க டிவி நிமிஷம். சக்‌ஷன் எப்படி வேலை செய்யுதுன்னு இன்ஜினியர் மாதிரி விளக்க ஆரம்பிச்சா ஆள் போயிடுவான். ஒரு ஓரத்துல போனை நிறுத்தி வீடியோ எடுங்க, பையருக்கு அனுப்ப அந்த வீடியோவே போதும், எந்த சர்டிஃபிகேட்டைவிடவும் பேசும். கிரானைட்ல ஒட்டுதா, டைல்ஸ் இடுக்குல காத்து போகுதா, மர மேசைல என்ன ஆகுதுன்னும் அங்கயே தெரிஞ்சுடும், டிவில நேரலைல அது தெரிய வந்தா சங்கடம்.

கூடவே ஸ்கோர்னு ஒரு அமைப்பு இருக்கு, சிறுதொழில் துறையோட சேர்ந்தது, ரிட்டயர் ஆன வியாபாரிங்க இலவசமா ஆலோசனை சொல்வாங்க, சில்லறை வியாபாரத்துல இருந்த ஆள் வேணும்னு கேட்டு வாங்குங்க. இதெல்லாம் முடிஞ்சு ஆர்டரும் வந்துட்டா, அப்பவும் பயமா இருந்தா, நிஜமாவே திரையில வித்த ஒரு கெஸ்ட்டை பிடிச்சு ரெண்டு மூணு மணி நேரம் உங்க கிண்ணத்தை வச்சு மட்டும் பயிற்சி எடுங்க, அதுக்கு சில நூறு டாலர் கொடுத்தா நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி: டல்லாஸ்ல இருந்து எழுதறேன். நீங்க இந்த மாதிரி கோர்ஸ் வேணாம்னு சொல்லுவீங்கன்னு தெரியும் ஆனா நான் நேத்து சாயந்தரம் ஓட்டல்லயே கார்டு தேச்சுட்டேன். திரும்ப வாங்க முடியுமா? கையெழுத்து போட்டாச்சு, "நோ ரீஃபண்ட்"னு சின்ன எழுத்துல இருக்கு.

பதில்: இந்த பதில் இதழ்ல வர்றதுக்குள்ள நாள் போயிடும்னு உங்களுக்கு தனியா மெயில் போட்டுட்டேன், மத்தவங்களுக்காக இங்க. எஃப்டிசியோட கூலிங் ஆஃப் ரூல்னு ஒண்ணு இருக்கு. விக்கிறவரோட நிரந்தரக் கடை இல்லாம ஓட்டல், மாநாட்டு ஹால் மாதிரி தற்காலிக இடத்துல 130 டாலர் அல்லது அதுக்கு மேல வாங்கினா, மூணாவது வேலை நாள் நடுராத்திரி வரைக்கும் காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம். சனிக்கிழமையும் வேலை நாள் கணக்குல வரும், ஞாயிறும் அரசு விடுமுறையும் வராது, அதனால விரல் விட்டு எண்ணுங்க. ரத்துப் படிவம் ரெண்டு காப்பி அவங்களே தரணும், தரலன்னா நீங்களே லெட்டர் எழுதி பதிவுத் தபால்ல அனுப்புங்க, போன்ல சொன்னா பத்தாது. பத்து நாளுக்குள்ள காசு திரும்ப வரணும். சின்ன எழுத்துல என்ன போட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது. ஆனா வீட்ல உக்காந்து ஆன்லைன்லயோ முழுக்க போன்லயோ வாங்கினதுக்கு இது செல்லாது, அதைத் தெரிஞ்சுதான் சில பேர் "வீட்டுக்குப் போயி இந்த லிங்க்ல கட்டிடுங்க"ம்பாங்க, கவனிச்சுக்கோங்க. நாள் தாண்டிட்டா கார்டு கம்பெனில முறையிடலாம், சொன்ன சேவையை தரலன்னு நிரூபிக்க செமினார் நோட்டீஸை தூக்கிப் போடாதீங்க. எஃப்டிசியிலயும் மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்லயும் புகார் போட காசு இல்ல.

கேள்வி: ஐயா, கோயம்புத்தூர்ல சின்ன வார்ப்படப் பட்டறை வச்சிருக்கேன். ஒரு பொருள் கண்டுபிடிச்சிருக்கேன், என்னன்னு சொல்ல விரும்பல. அமெரிக்க டிவி ஷாப்பிங் பயிற்சின்னு ஆன்லைன்ல ஒரு வகுப்பு, முதல் பாடமே பொருளை வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டு குரூப்ல எல்லாரும் கருத்து சொல்றதாம். போடலாமா?

பதில்: என்னன்னு எங்ககிட்டயே சொல்லாதவர் யூடியூப்ல போடலாமான்னு கேக்கறீங்களே! போடாதீங்க, பேட்டன்ட் (காப்புரிமை) விண்ணப்பம் போடற வரைக்கும். அமெரிக்கால கண்டுபிடிச்சவரே வெளியில காட்டினாலும் அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவகாசம் இருக்கு, அந்த ஊர் வாத்தியார் அதை நினைச்சு பாடம் நடத்தறார். நம்ம சட்டத்துல அந்த மாதிரி பொதுவான அவகாசம் கிடையாது, மத்திய அரசு கெஜட்ல அறிவிச்ச கண்காட்சி மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்குதான், யூடியூப் அதுல வராது. நீங்களே போட்ட வீடியோவை காட்டி "இது புதுசு இல்ல"ன்னு உங்க விண்ணப்பத்தை தள்ளிடலாம். முதல்ல ப்ரொவிஷனல்னு சொல்ற தற்காலிக விண்ணப்பம் போடுங்க, தனிநபர் ஆன்லைன்ல போட்டா அரசுக் கட்டணம் 1,600 ரூபாதான், எழுதித் தர்ற ஏஜென்ட் ஃபீஸ் தனி, அதுல இருந்து 12 மாசத்துக்குள்ள முழு விண்ணப்பம். நேரா அமெரிக்காலயே போட்டுடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, இந்தியால இருக்கறவர் வெளிநாட்டுல முதல்ல போடணும்னா சட்டத்தோட 39வது பிரிவுப்படி இங்க அனுமதி வாங்கணும், இல்லாட்டி இங்க போட்டு ஆறு வாரம் காத்திருக்கணும். மீறினா அது தண்டனைக்குரிய குற்றம், விளையாட்டு இல்ல.

எடிசன் சகோதரிக்கும் இதுல ஒரு வரி. உங்களுக்கு அந்த ஒரு வருஷம் இருக்குன்னு சந்தையில காட்டிட்டு சும்மா இருந்துடாதீங்க. வருமானமும் மத்த நிபந்தனையும் ஒத்து வந்தா மைக்ரோ என்டிட்டிங்கற குறைஞ்ச கட்டணக் கணக்குல ப்ரொவிஷனலுக்கு 65 டாலர்தான், இல்லன்னாலும் சின்ன நிறுவனக் கணக்கு 130. மேசை போடறதுக்கு முந்தின வாரம் அதை முடிச்சிடுங்க. காப்பி அடிக்கறது இந்தத் தொழில்ல எவ்வளவு வேகம்னா, டெக்சாஸ்ல ஒருத்தர் ஒரே நேரத்துல நிறைய பலூன்ல தண்ணி நிரப்பற சாமான் பண்ணி 2014ல கிக்ஸ்டார்டர்ங்கற பணம் திரட்டற வெப்சைட்ல போட்டாரு, கொஞ்ச மாசத்துலயே டிவி விளம்பரத்துல வேற கம்பெனி பேர்ல அதே மாதிரி ஒண்ணு வந்துடுச்சு. அவர் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்துதான் ஜெயிச்சாரு. அதுக்கு வக்கீல் செலவு எவ்வளவு ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

கேள்வி: டிவி ஷாப்பிங்கை இன்னும் யாரு சார் பாக்கறாங்க? எல்லாம் போன்ல லைவ் போட்டு விக்கிற காலத்துல இந்த கேள்வியே தேவையா? — சென்னை வாசகர்

பதில்: பாக்கறாங்க, வயசானவங்க அதிகம், அதுலயும் பெண்கள். எடிசன்காரம்மா கிண்ணத்தை வாங்கப் போறதும் அவங்கதானே. ஆனா ஆள் குறையுதுங்கறது உண்மை, 2025 ஏப்ரல்ல கியூவிசியே டிக்டாக்ல 24 மணி நேர லைவ் ஆரம்பிச்சுது. நீங்க சொல்ற லைவ்ல வசதி என்னன்னா நூறு கிண்ணம் இருந்தா போதும், ஆரம்பிச்சுடலாம். அதுக்கும் இப்பவே 999 டாலர் கோர்ஸ் வந்தாச்சு, சேரலாமான்னு கேட்டு ஒரு லெட்டர் வந்திருக்கு, அது அடுத்த இதழ்ல.